மஞ்சள் பூசாத குருவி

வெயிலுகந்தாபுரத்தில் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு நன்றாக இருக்கட்டும், இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. இது சன்னாசியும் அவன் கூட்டாளிகளும் ஒரு குருவிக் கூட்டத்தைக் காப்பாற்றிய கதை. குருவிகள் எப்படியோ பிழைத்துக்கொண்டன என்பதை முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இளகிய மனசுக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

சன்னாசியின் தொழில் குருவி விரட்டுவது. கம்பங்கதிர் பால் பிடிக்கிற நாளில் தொடங்கி அறுப்பு முடிகிற வரைக்கும், கம்பங்காட்டு நடுவில் நாலு கால் நட்டுக் கட்டிய பரண்மேல் ஏறி நின்று, தகர டின்னைத் தட்டி, கவணில் மண்ணாங்கட்டியை வைத்துச் சுழற்றி, "ஏஏய், ஓஓய்" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவனோடு மூன்று பேர். பூவலிங்கம் யோசனைக்காரன். என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லாமல் வானத்தைப் பார்ப்பான், அதனால் ஊரில் அந்தப் பேர். கெங்கமுத்து ஓட்டக்காரன். எங்கே, எதற்கு என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் பாதி தூரம் போயிருப்பான். பேச்சியப்பன் சந்தேகக்காரன். பொழுது விடிந்துவிட்டது என்று சொன்னால், யார் பார்த்தது என்று கேட்பான்.

நாலு பேரும் நிற்கிற காட்டில் ஒரு சிட்டுகூட இறங்காது. வேலையில் குறை சொல்ல முடியாது. குறை என்னவென்றால், சாயங்காலம் பரணை விட்டு இறங்கிய பிறகும் சன்னாசிக்குக் கையும் வாயும் நிற்பதில்லை. பெண்டாட்டி சீனியம்மா வளர்த்த கோழியை விரட்டினான். பூனையை விரட்டினான். அரைப்படி மாவு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை விரட்டினான். கடைசியில், தங்கச்சியைப் பார்க்கப் பலகாரத் தூக்கோடு வந்த மச்சினனின் தலை தெருமுனையில் தெரிந்ததும், "ஏஏய், ஓஓய்" என்று கத்திக் கவணையும் சுழற்றிவிட்டான். மண்ணாங்கட்டி தூக்கில் பட்டு, அதிரசமெல்லாம் தெருவில் உருண்டது. மச்சினன் வந்த வழியே திரும்பிப் போனார்.

சீனியம்மா அன்றைக்குச் சண்டை போடவில்லை. அதுதான் சன்னாசிக்குப் பயமாக இருந்தது. சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கு விரட்ட மட்டுந்தான் தெரியும். எதையாச்சும் ஒண்ணை இருக்க வச்சுக் காட்டுங்க. கோழியோ, குருவியோ, தெருநாயோ, என்னமோ ஒண்ணு. ஒங்களை நம்பி ஒரு உசுரு பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சா, நானும் வந்து இருக்கேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

சன்னாசிக்கு அவள் இல்லாத வீடு பிடிக்கவே இல்லை. சோறு பொங்கினால் குழைந்தது. அவள் திட்டுகிற சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. எதையாவது இருக்க வைத்தே தீருவது என்று ஒரு தெருநாயைக் கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றினான். நாய் நம்பி வந்து குனிந்தது. குனிந்ததும் அவன் கை தானாகப் போய் டின்னைத் தட்டிவிட்டது. அந்த நாய் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

இப்படி அவன் நொந்துபோயிருந்த சமயத்தில்தான் எஸ்தர் டீச்சர் வந்தார். டவுன் காலேஜில் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். கழுத்தில் பைனாகுலர் தொங்க, கம்பங்காட்டு ஓரத்துக் கிணற்றடியில் நிற்கும் ஒற்றைப் பனையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பனையோலை நுனிகளில் பச்சைப் புல்லால் பின்னிய தொப்பிகள் மாதிரி நாலைந்து தொங்கின.

"அண்ணாச்சி, இது தூக்கணாங்குருவிக் கூடு. பனையை வெட்ட வெட்ட இதுகளும் கொறைஞ்சு போச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு மரத்துலதான் கட்டுது. நீங்கதான் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இங்க இருக்கீங்க. கொஞ்சம் பாத்துக்கிடுங்க. இதுக இங்கயே இருந்து குஞ்சு பொரிக்கணும்."

சன்னாசி பரணிலிருந்து இறங்கி வந்தான். "இருக்குமா டீச்சர்?"

"இருக்க விட்டா இருக்கும்."

சீனியம்மா கேட்டது இதைத்தானே. "எங்க பொறுப்பு டீச்சர்," என்றான். "ஆனா எங்களுக்கு அதை அடையாளம் தெரியாதே."

அதற்குள் ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்த பஸ். டீச்சர் நடந்துகொண்டே சொன்னார், நாலு பேரும் பின்னாலேயே ஓடிக்கொண்டு கேட்டார்கள்.

"தலை மஞ்சள், நெஞ்சு மஞ்சள், மொகம் கறுப்பு, முதுகுல பழுப்புக் கோடு. ஆண் முதல்ல பாதிக் கூடுதான் கட்டும். ஈரக் களிமண் கொண்டாந்து உள்ள அப்பும். அப்புறம் பெண் வந்து பாக்கும், உள்ள பூந்து இழுத்துப் பாக்கும். பிடிச்சிருந்தா இருந்துக்கும். அதுக்கப்புறந்தான் ஆண் மீதியை முடிக்கும், பாம்பு பூராம கீழ நீளக் குழாயா வாசல் வச்சு. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். இந்தக் குருவியைத் தவிர வேற எதையும் மரத்துக்கிட்ட அண்ட விடாதீங்க. காக்கா, அணில், பாம்பு, எதையும். தீபாவளி கழிச்சு வர்றேன்."

பஸ் போய்விட்டது. நாலு பேரும் பரண் நிழலில் உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"தலை மஞ்சள், நெஞ்சு மஞ்சள்," என்றான் சன்னாசி. "யாராச்சும் பாத்திருக்கீங்களாலே?"

யாரும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அவர்கள் பார்த்த குருவியெல்லாம் பறந்து போகிற குருவி. வாலும் முதுகும்தான் பழக்கம்.

"மொதல்ல குருவிக்கு மொகம் இருக்கா?" என்று கேட்டான் பேச்சியப்பன்.

பூவலிங்கம் வானத்தைப் பார்த்தான். "திங்குதுல்ல. வாய் இருந்தா மொகம் இருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"போற பக்கம். அதனால நாம அதுக்கு முன்னாடி போய் நின்னுதான் பாக்கணும்."

கெங்கமுத்து உடனே எழுந்து ஓடினான். பறந்து போன ஒரு கொக்குக்கு முன்னாடி போய் நிற்பதற்காக ஓடை தாண்டி, கண்மாய் தாண்டி ஓடி, பொழுது சாய்கிற நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"வெள்ளையா இருக்குண்ணே," என்றான்.

"அப்ப அது இல்ல," என்று சன்னாசி தீர்ப்புச் சொன்னான். ஒன்றாவது கழிந்ததே என்று எல்லாருக்கும் திருப்தி.

மறுநாள் காலையில் கிணற்றுக்குக் கிழக்கே உடைமுள் மரத்தில் மஞ்சளாக ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார்கள்.

"தலை மஞ்சள்," என்றான் சன்னாசி.

"நெஞ்சும் மஞ்சள்," என்றான் கெங்கமுத்து.

"முதுகும் மஞ்சளா இருக்கே," என்றான் பேச்சியப்பன். "சத்தத்தையும் காணோம்."

"புது ஆளைப் பாத்துக் கூச்சப்படுது," என்றான் பூவலிங்கம்.

டீச்சர் சொன்னபடி வேறு எதையும் அண்ட விடாமல் சுற்றி நின்று காவல் காத்தார்கள். காக்காயை விரட்டினார்கள், ஓணானை விரட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கிணற்றிலிருந்து தோட்டத்துக்காரர் சங்கரவேலு ஈரத்துண்டோடு ஏறி வந்தார். கம்பங்காடும் கிணறும் அவருடையவை. அவரையும் விரட்டினார்கள்.

"ஏலே, அது என் மஞ்சப்பைடா," என்று அவர் கெஞ்சினார். "மாத்து வேட்டி அதுக்குள்ளதான் இருக்கு. குளிரு எடுக்குது."

"மொதலாளி, குருவி வயித்துக்குள்ள வேட்டி எப்படி வரும்?" என்று பேச்சியப்பன் நியாயம் கேட்டான்.

அவர் வெகுநேரம் அப்படியே நின்றார். மத்தியானம் காற்று பலமாக அடித்தபோது மஞ்சப்பை முள்ளிலிருந்து நழுவிக் கீழே விழுந்து, வேட்டியும் சட்டையும் ஒரு சீப்பும் வெளியே வந்தன. அது குருவி இல்லை என்று முதலில் ஒத்துக்கொண்டவன் பேச்சியப்பன்தான். குருவிக்குச் சீப்பு தேவைப்படாது என்பதை அவன் எடுத்துச் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் விளங்கியது.

"மரத்துப் பக்கம் பாப்போம்லே," என்றான் சன்னாசி. "கூடு அங்கதான இருக்கு."

இதை அவர்கள் முதல் நாளே யோசித்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. குருவி வர வேண்டுமென்றால் கத்தாமல் இருக்க வேண்டும். சன்னாசி தன் இரண்டு கையையும் துண்டால் பரண் காலோடு சேர்த்துக் கட்டச் சொன்னான். கெங்கமுத்துக்குத் தொண்டை அரித்தது. அடக்க முடியாதபோது பக்கத்துக் காடு வரைக்கும் ஓடிப்போய், அங்கே கத்தி முடித்துவிட்டு, ஓடி வந்து மறுபடியும் பேசாமல் உட்கார்ந்தான்.

குருவி வந்தது. அலகில் ஒரு நீளப் புல் நாரைப் பிடித்துக்கொண்டு, அது பட்டம் வால் மாதிரி பின்னால் பறக்க, நேராக வந்து பனையோலை நுனியில் தலைகீழாகத் தொங்கியது. தலை மஞ்சள். நெஞ்சு மஞ்சள். முகத்தில் கரி பூசியது போலக் கறுப்பு. நாரை நுழைத்தது, இழுத்தது, முடிச்சுப் போட்டது. போட்டுவிட்டு, சிறகைப் படபடவென்று அடித்து ஒரு பாட்டுப் பாடியது. சன்னாசி வாயைப் பிளந்தபடி பார்த்தான். இத்தனை அழகையா இத்தனை வருஷமாக மண்ணாங்கட்டி விட்டு அடித்தோம் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது. கை கட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை.

"பாவம், ஒத்தையில கஷ்டப்படுது," என்றான். "நாம ஒத்தாசை பண்ணணும்லே."

"களிமண்ணு அப்பும்னு டீச்சர் சொன்னாங்க," என்று பூவலிங்கம் நினைவுபடுத்தினான். "நாம நாலு பேர் இருக்கையில அது எதுக்கு அலகுல சொமக்கணும்?"

கிணற்றடியில் களிமண் குழைத்தார்கள். எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினார்கள். கட்டை அவிழ்த்துவிட்டதும் சன்னாசி கவணை எடுத்தான். குறி தப்பாதவன் என்று அவனுக்குப் பேர் உண்டு. முதல் உருண்டை சரியாகக் கூட்டுக்குள்ளே போனது. போன வேகத்தில் கூட்டையும் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. அடுத்த உருண்டை, மோட்டார் போட வந்த சங்கரவேலுவின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"நல்லாத்தான் ஒட்டுது," என்றான் பூவலிங்கம். "மண்ணுல குறை இல்ல."

சங்கரவேலு அன்றைக்குப் பேசிய பேச்சை எழுத முடியாது. ஒத்தாசை அத்தோடு நின்றது. குருவி மட்டும் எதுவும் சொல்லாமல் மறுபடியும் புல் நார் கிழிக்கப் போய்விட்டது.

சில நாளில் மரம் முழுக்கத் தொப்பிகள் தொங்கின. எல்லாம் பாதிக் கூடு. அப்போதுதான் புதிதாகச் சில குருவிகள் மரத்துக்கு வர ஆரம்பித்தன. பழுப்பு நிறம், மங்கலான உடம்பு, ஒரு பொட்டு மஞ்சள் கிடையாது. வந்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் தலையை விட்டு, நாரை இழுத்து இழுத்துப் பார்த்தன. கீழே அவசர ஆலோசனை நடந்தது.

"டீச்சர் சொன்ன பொம்பளைக் குருவியா இருக்குமோ?" என்றான் சன்னாசி.

பூவலிங்கம் வானத்தை வெகுநேரம் பார்த்தான். பெரிய விஷயம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அண்ணே, மஞ்சள் பூசிக் குளிக்கிறது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

"குளிக்காத ஆம்பளைக் குருவியே இம்புட்டு மஞ்சள்னா, பொம்பளைக் குருவி எம்புட்டு மஞ்சளா இருக்கணும்? பாத்தா கண்ணு கூசணும்ணே. இது அழுக்கு மாதிரி வருது. கட்டின கூட்டைப் பிச்சுத் திருட வந்த கூட்டம் இது."

பேச்சியப்பனுக்குக் கூட இதில் சந்தேகம் வரவில்லை. டின்கள் வெளியே வந்தன. வெகுநாள் பேசாமல் இருந்த தொண்டைகள் நாலும் ஒரே நேரத்தில் திறந்தன. "ஏஏய், ஓஓய்." பழுப்புக் குருவிகள் காற்றில் சிதறிப் போயின. மறுநாளும் வந்தன, மறுநாளும் விரட்டினார்கள். அதற்குள் மஞ்சள் குருவிகளுக்கு இவர்கள் சத்தம் பழகிவிட்டது. ஓலை மறைவில் ஒதுங்கியிருந்துவிட்டு மறுபடியும் வந்து தொங்கின.

நாள் போகப் போக மரத்தில் களை இல்லாமல் போயிற்று. மஞ்சள் குருவிகள் கூட்டுக்கடியில் தொங்கிக்கொண்டு சிறகடித்துப் பாடின, பாடின, யாரும் வரவில்லை. ஒரு குருவி, கட்டிய பாதிக் கூட்டைத் தானே பிய்த்துக் கீழே போட்டுவிட்டு ஓலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குருவி முகத்தில் தன் முகம் தெரிந்தது.

"நம்ம சங்கதிதான்லே இதுக்கும்," என்றான். "வீடு இருக்கு, வர ஆள் இல்ல."

அப்போது அவனுக்கு ஒன்று பட்டது. டீச்சர் என்ன சொன்னார்? பாதிக் கூடு இருந்தால் பெண் வந்து பார்க்கும், பிடித்திருந்தால் இருந்துகொள்ளும், அதற்குப் பிறகுதான் ஆண் மீதியை முடிக்க வேண்டும்.

"என் வீட்டுக் கூரை முழுசா இருக்குலே," என்றான் சன்னாசி, திகைத்துப் போய். "அவ எப்படி வருவா?"

நாலு பேரும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாதிக் கூரையைப் பிய்த்துப் போட்டார்கள். போன வருஷம்தான் வேய்ந்த கூரை, ஓலை நன்றாக இறுகியிருந்தது, கஷ்டப்பட்டுத்தான் பிய்க்க முடிந்தது. சீனியம்மாவின் அண்ணன் ஊர் வழியாகப் போகிற பஸ் கண்டக்டரிடம் சன்னாசி சேதி சொல்லி அனுப்பினான். "பாதிக் கூரையைப் பிச்சாச்சு. வந்து உள்ள பூந்து இழுத்துப் பாக்கச் சொல்லுங்க. பிடிச்சிருந்தா இருந்துக்கட்டும்."

சேதி கிடைத்த கையோடு சீனியம்மா கிளம்பிவிட்டாள். புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அண்ணன் ஊரிலிருந்து வருகிற ஒற்றையடிப் பாதை நேராகக் கிணற்றடியில் வந்து சேரும். பழுப்புச் சேலை கட்டி, வெயிலுக்கு முக்காடு போட்டு, வேகவேகமாக வந்தவளைக் கூட்டாளிகள் மூன்று பேரும் தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள். பழுப்பு. மஞ்சள் இல்லை. மரத்தை நோக்கி வருகிறது.

"ஏஏய், ஓஓய்," என்று டின்னைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.

குருவிகள் ஓடும். சீனியம்மா ஓடவில்லை. நேராக வந்து கெங்கமுத்து கையிலிருந்த டின்னைப் பிடுங்கி, அதாலேயே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மதினியா?" என்றான் பேச்சியப்பன், நம்பாமல்.

சன்னாசி பரணிலிருந்து குதித்து ஓடி வந்தான். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் வாயைத் திறந்தவன், பழக்கத்தில் "ஏஏய்" என்று பாதி கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

"கூரை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள் சீனியம்மா.

சன்னாசி நடந்ததையெல்லாம் சொன்னான். டீச்சர், மஞ்சள் குருவி, பாதிக் கூடு, திருட வருகிற பழுப்புக் குருவி. "ஒண்ணை இருக்க வச்சுக் காட்டச் சொன்னீல்ல," என்று கடைசியில் சொன்னான். "இருக்க மாட்டேங்குது சீனி. பாடிப் பாடி ஓய்ஞ்சு போச்சு. நான் தொட்ட எதுவும் இருக்க மாட்டேங்குது."

சீனியம்மாவுக்கு அவன் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். இரண்டு பழுப்புக் குருவிகள் பயந்து பயந்து ஓலையில் வந்து உட்கார்ந்தன. ஒரு மஞ்சள் குருவி அதைக் கண்டதும் தலைகீழாகத் தொங்கிச் சிறகைப் படபடத்தது.

"இதையா விரட்டுனீங்க?"

"மஞ்சள் இல்ல மதினி," என்று பூவலிங்கம் விளக்கினான்.

"வீடு பாக்க வர்றவ மஞ்சள் பூசி, பூ வச்சுக்கிட்டா வருவா? நான் எப்படி வந்திருக்கேன், பாருங்க."

நாலு பேரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். மெதுவாக விஷயம் புரிந்தது. புரிந்ததும் சன்னாசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒக்காராதீங்க, எந்திரிங்க," என்றாள் சீனியம்மா. "இந்த மரத்தை நான் பாத்துக்கிடுறேன். கம்பு அறுப்புதான் முடிஞ்சிருச்சுல்ல, நீங்க நாலு பேரும் இந்தப் பக்கமே வரக் கூடாது. போய்க் கூரையை முடிங்க. இந்தக் குருவி கட்டுறதைப் பாத்தீங்கல்ல, அதே மாதிரி கட்டணும். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. பாதியில வந்து பாக்க நான் குருவி இல்ல."

அன்றிலிருந்து சீனியம்மா தினமும் காலையில் அண்ணன் ஊரிலிருந்து வந்து, பனைக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, சங்கரவேலுவின் தோட்டத்து மொச்சையை உரித்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. குருவிகளுக்கு அது போதுமாக இருந்தது. பழுப்புக் குருவிகள் வந்தன, இழுத்துப் பார்த்தன, சிலதைப் பிடிக்கவில்லை என்று விட்டன, சிலதில் இருந்துகொண்டன. மஞ்சள் குருவிகள் தூக்கம் கெட்ட மாப்பிள்ளைகள் மாதிரி ஓடி ஓடி மீதிக் கூட்டைப் பின்னி முடித்தன. தொப்பிகள் சுரைக்குடுக்கைகளாக வளர்ந்தன.

ஊருக்குள்ளே கூரை வேலையும் நடந்தது. சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. ஆனால் அதே மாதிரி கட்டணும் என்று சொல்லியிருக்கிறாளே. நாலு பேரும் பனையோலையைக் கையால் தொடாமல் பல்லால் கிழித்தார்கள். உத்தரத்தில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்னினார்கள். அவ்வப்போது கையை இறக்கை மாதிரி அடித்துக்கொள்ளவும் தவறவில்லை. அதனால் தீபாவளி தாண்டிவிட்டது.

வேலை முடிந்த அன்றைக்குத்தான் எஸ்தர் டீச்சரும் வந்தார். சன்னாசியும் கூட்டாளிகளும் கிணற்றடிக்குப் போய், அனுமதி கிடைக்கிற வரைக்கும் தள்ளியே நின்றார்கள். டீச்சர் பைனாகுலரில் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"அண்ணாச்சி, கூடு பூராவும் குஞ்சு. தாய்க்குருவி வந்ததும் குழாய் வழியாத் தலையை நீட்டி வாயைத் தொறக்குது பாருங்க. இனி வெட்டுக்கிளியும் புழுவுமா ஊட்டணும். ஆண் குருவிங்க அடுத்த கூடு கட்டப் போயிருச்சு. பெண் உள்ள இருந்துட்டா, அதுக அடுத்ததை ஆரம்பிச்சிரும். உங்களை நம்பித்தான் இதெல்லாம் இங்க இருந்திருக்கு."

சன்னாசி வெட்கத்தோடு தலையைக் குனிந்தான். "நான் ஒண்ணும் செய்யல டீச்சர். இவதான்."

"நீங்க இந்தப் பக்கம் வராம இருந்தீங்கல்ல," என்றாள் சீனியம்மா. "அது ஒங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்." சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவன் பார்த்த சிரிப்பு. "வாங்க, வீட்டைப் பாப்போம்."

டீச்சர் பஸ்ஸுக்குப் போக, மற்றவர்கள் ஊருக்குள் நடந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டைப் பார்த்த சீனியம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள்.

வாசல் இருந்த இடத்தில் வாசல் இல்லை. ஜன்னலும் இல்லை. முகட்டிலிருந்து தரை வரைக்கும் நாலு பக்கமும் ஒரே ஓலைப் பின்னல், பெரிய சுரைக்குடுக்கையைக் கவிழ்த்து வைத்தது மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கூரையிலிருந்து ஓலைக் குழாய் ஒன்று நீளமாக இறங்கி, காலியாகக் கிடந்த கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்திருந்தது.

"வாசல் எங்க?"

"இதுதான் மதினி," என்றான் கெங்கமுத்து. "கீழ பூந்து, ஊர்ந்து மேல ஏறி, உள்ள குதிக்கணும். பாம்பு வராது."

"பாம்பு வராது. மனுசங்க?"

பூவலிங்கம் வானத்தைப் பார்த்தான். "பழகணும்," என்றான். "நீங்கதான மதினி அதே மாதிரி கட்டச் சொன்னீங்க."

சீனியம்மா பதில் சொல்வதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. ஒதுங்க வேறு இடம் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாய்க்குள் புகுந்தாள். வெகுநேரம் சரசரவென்று சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளே பொத்தென்று ஒரு சத்தம். சன்னாசி நனைந்துகொண்டே குழாயில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒழுகல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "சரி, இருந்துக்கிடுறேன். அடுப்பை எங்க வச்சுத் தொலைச்சீங்க?" என்றும் கேட்டது.

சன்னாசி மழையில் நின்று வாய்விட்டு அழுதான். அவ்வளவு சந்தோஷம். அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, கூட்டாளிகள் மூன்று பேரும் மிச்சமிருந்த ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்த்தாற்போல் இருந்த காலிமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்கலே போறீங்க?"

"அடுத்த கூட்டுக்குண்ணே," என்றான் பூவலிங்கம். "மதினி உள்ள இருந்துட்டாங்கல்ல."

"எனக்கு இது ஒண்ணு போதும்லே."

"ஒங்களுக்குப் போதும்ணே. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. டீச்சர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"இதுக்கு யாரு வருவா?" என்று பேச்சியப்பன் கேட்டான்.

"அது நம்ம கவலை இல்ல. பாதி கட்டிட்டு, தொங்கிக்கிட்டுப் பாடணும். வர்றவ வருவா."

டீச்சர் சொல்லைத் தட்டுகிற ஆள் இல்லை சன்னாசி. மனசில்லா மனசோடு ஒரு ஓலையைப் பல்லில் கவ்விக்கொண்டு, காலிமனை வேப்பமரக் கிளையில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கினான். இரண்டு கையையும் படபடவென்று அடித்தான். பிறகு ஓலையைத் துப்பிவிட்டுப் பாடினான். அவனுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுதான். "ஏஏய், ஓஓய்."

எதிரே சன்னாசியின் வீடு குலுங்கியது. ஓலைக் குழாய் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி ஓரிடத்தில் உப்பி, அந்த உப்பல் வேகமாகக் கீழே இறங்கி வந்தது. கோழிக்கூட்டுப் பக்கம் குழாயின் வாயில் சீனியம்மாவின் தலை வெளியே வந்தது. தோள் சிக்கிக்கொண்டதால் அதற்கு மேல் வரவில்லை. தலையெல்லாம் ஓலைத் தும்பு. இடிச் சத்தத்தில் அவள் என்ன கத்துகிறாள் என்று கேட்கவில்லை. வாய் பெரிதாகத் திறந்திருந்தது மட்டும்தான் தெரிந்தது.

மூன்று பேரும் ஓலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு உற்றுப் பார்த்தார்கள்.

"அண்ணே," என்றான் பேச்சியப்பன், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல், "குஞ்சு பொரிச்சிருச்சு."

கெங்கமுத்து வெட்டுக்கிளி பிடிக்க ஓடினான்.